முதல் தொகுப்புக்கு 45,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி கேட்டவருக்கு 28 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். மூன்று வருடத்தில் 11 சிறுகதைகள் எழுதி வைத்திருக்கிறார். நாலைந்து பத்திரிகைகளுக்கு அனுப்பிப் பார்த்தார், பதிலே வரவில்லை. இப்போது ஒரு பதிப்பகம், 45,000 ரூபாய் கொடுத்தால் 300 பிரதி அச்சடித்துத் தருகிறோம் என்கிறது. கொடுக்கலாமா, புத்தகம் வந்தால் எப்படி விளம்பரம் செய்வது, எழுத்து இன்னும் தேற என்ன வழி என்று கேட்டிருக்கிறார். ஒரு கதையையும், பதினோரு கதைகளின் சுருக்கத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்.

பணம் கொடுக்க வேண்டாம். குறைந்தது இந்த வருடம் வேண்டாம்.

எனக்கு இதை அந்தக் காலத்தில் யாரும் சொல்லவில்லை. 2003-ல் நானும் இப்படி ஓர் இடத்தில் பணம் கட்டினேன். மனைவியின் ஒரு ஜோடி வளையல் அடகுக்குப் போயிற்று. 500 பிரதி அடித்தார்கள். 'கடைக்கெல்லாம் நாங்களே போட்டுவிடுவோம்' என்றவர்கள், மூன்றாவது மாதம் ஒரு மினி வேனில் 420 பிரதிகளைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். கட்டிலுக்கு அடியில் அடுக்கினோம். ராமபாணப் பூச்சி தின்றது போக மிச்சத்தை, வீடு மாறும்போது எடைக்குப் போட்டேன். அட்டையைக் கிழித்துக் கொடுத்தால் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகத் தருகிறேன் என்றார் பழைய பேப்பர்காரர். வழவழப்புத் தாள் ஒட்டிய அட்டை அவருக்கு ஆகாதாம். உட்கார்ந்து கிழித்தேன். கிழிக்கும்போது நடுவில் ஒரு கதையைப் படித்துப் பார்த்தேன். இரண்டு பக்கத்துக்கு மேல் என்னாலேயே போக முடியவில்லை. வளையல் போனதைவிட அதுதான் அன்றைக்கு உறைத்தது.

அதற்கப்புறம் கதை எழுதுவதைக் குறைத்துக்கொண்டு, மெய்ப்புப் பார்க்கிற, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துகிற வேலைக்கு வந்துவிட்டேன். மற்றவர்கள் கதையைத் திருத்தித் திருத்திக் கற்றுக்கொண்டதைத்தான் கீழே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 45,000-ஐ 300-ஆல் வகுத்தால் ஒரு பிரதிக்கு 150 ரூபாய். உங்கள் 11 கதைகள் 160 பக்கம் வரும் என்று சொல்லியிருக்கிறீர்கள். விலை 200 வைக்கலாம் என்கிறார்கள். கடைக்காரருக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்தால் உங்கள் கைக்கு 130 வரும். ஆக, கடையில் விற்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் 20 ரூபாய் நஷ்டம், கூரியர் செலவு தனி. கடையே வேண்டாம், நானே நேரில் விற்கிறேன் என்று 10 சதவீதம் தள்ளி 180-க்குக் கொடுத்தால், போட்ட பணம் திரும்ப 250 பேர் வாங்க வேண்டும். உங்கள் கைபேசியில் இருக்கிற எண்களை ஒரு தடவை மேலிருந்து கீழே தள்ளிப் பாருங்கள். கதைப் புத்தகம் காசு கொடுத்து வாங்குகிறவர் எத்தனை பேர்? நான் பார்த்த வரையில் முதல் தொகுப்புக்கு அந்த எண்ணிக்கை முப்பதைத் தாண்டினால் பெரிது.

தானே செலவு செய்து புத்தகம் போடுவது குற்றம் ஒன்றும் இல்லை. தமிழில் நல்ல புத்தகங்கள் பல அப்படித்தான் வந்திருக்கின்றன. ஆனால் சொந்தச் செலவில் போடுவதென்றால் அச்சகத்தில் நேரடியாக விலை கேளுங்கள். இப்போது டிஜிட்டல் அச்சில் 50 பிரதி, 30 பிரதிகூட அடித்துத் தருகிறார்கள். விற்க விற்க அடித்துக்கொள்ளலாம், கட்டிலுக்கு அடியில் இடம் தேட வேண்டியதில்லை. ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண் வாங்கித் தருகிறோம் என்று தனியாகப் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். இந்தியாவில் அதை ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இயங்கும் மத்திய அரசு அமைப்பு இலவசமாகத் தருகிறது. எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம்.

சரி, கதைக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய கதையின் தொடக்கம் இது:

'மாலை நேரம். மேற்கு வானில் சூரியன் மெல்ல மறைந்துகொண்டிருந்தான். பறவைகள் தத்தம் கூடுகளை நோக்கிப் பறந்துகொண்டிருந்தன. முருகேசன் கனத்த இதயத்தோடு வாசலில் அமர்ந்திருந்தான். அவனது தந்தை இறந்து இன்றோடு முப்பது நாட்கள் ஆகியிருந்தன. தந்தையின் நினைவுகள் அலைகடலென அவன் மனதில் மோதின. அவர் ஆசையாக வைத்திருந்த டிவிஎஸ் 50 வண்டியை விற்க வேண்டிய நிலை வந்துவிட்டதே என்று எண்ணுகையில் அவன் கண்கள் குளமாயின.'

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஒற்று எல்லாம் சரியாக இருக்கிறது, அதுவே இப்போது அபூர்வம். ஆனால் இதில் உங்களுடையது என்று இருப்பது ஒரே ஒரு பொருள்தான், அந்த வண்டி. அதைக் கடைசி வாக்கியத்தில் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். சூரியனும் பறவையும் யார் கதைக்கும் பொருந்தும். 'கனத்த இதயம்', 'அலைகடலென', 'கண்கள் குளமாயின' மூன்றும் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டி வைத்திருப்பதுபோலத் தயாராகக் கிடைப்பவை. ஒரே துக்கத்துக்கு மூன்று பொட்டலம் பிரித்திருக்கிறீர்கள். வாசகருக்கு முருகேசன் அழுகிறான் என்று தெரிகிறது, அழுகை வரவில்லை.

ஐந்தாவது பக்கத்தில் வண்டி வாங்க ஓர் ஆள் வருவதாக எழுதியிருந்தீர்கள். அவனைத் தூக்கி முன்னால் போட்டால் இப்படி வரும்:

'வண்டியைப் பார்க்க வந்தவன் முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தான்.

"ஓட்டி எத்தனை நாளாச்சுங்க?"

"ஒரு மாசம்" என்றான் முருகேசன்.

பின்னால் கேரியரில் சாக்குக் கயிறு கட்டியபடியே கிடந்தது. வந்தவன் அதை அவிழ்க்கப் போனான்.

"அது இருக்கட்டும்" என்றாள் அம்மா, உள்ளேயிருந்து.'

அப்பா செத்துப்போனார் என்று இதில் எங்கும் இல்லை. ஒரு மாசமாக யாரும் ஓட்டவில்லை, கயிறு அவிழ்க்கப்படவில்லை, அம்மா வெளியே வரவில்லை. படிக்கிறவர் தானே கூட்டிக்கொள்வார். அப்படிக் கூட்டிக்கொண்டதைத்தான் அவர் நாளைக்கும் ஞாபகம் வைத்திருப்பார். இதுதான் சரியான விடை என்று நினைத்துவிடாதீர்கள், நான் என் வழியில் ஒன்று செய்து காட்டினேன், அவ்வளவுதான். இன்னொருவர் முருகேசன் ஆர்சி புத்தகத்தைத் தேடுவதிலிருந்து தொடங்குவார். அதில் அப்பாவின் பழைய போட்டோ இருக்கும் என்று மட்டும் தொடங்கிவிடாதீர்கள், அதுவும் பொட்டலம்தான்.

இன்னொன்று. உங்கள் பதினோரு கதைகளின் சுருக்கத்தையும் பார்த்தேன். பாட்டி சாகிறாள், ஏரி வற்றுகிறது, காதலி வெளிநாடு போகிறாள், நகரத்து மகன் கிராமத்துக்குத் திரும்புகிறான். ஒரு கதையில்கூடப் பனியன் கம்பெனி இல்லை! தினமும் பத்து மணி நேரம் இருக்கிற இடம் கதைக்கு ஆகாது என்று யார் சொன்னது? பவர் டேபிள், செக்கிங், கைமடி, ஒன்றரை ஷிப்ட் என்று நீங்கள் வாய்க்கு வாய் சொல்கிற சொற்கள் சென்னையில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியாது. வெளிநாட்டு பையர் கலர் சரியில்லை என்று ஒரு சரக்கையே திருப்பிவிட்டால், அன்று ராத்திரி கம்பெனியில் யார் யாரைத் திட்டுவார்கள், யார் சாப்பிடாமல் போவார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதை எழுதுங்கள். எழுதும்போது அந்தச் சொற்களுக்கு அடைப்புக்குறியில் விளக்கம் கொடுக்க வேண்டாம். கைமடி என்றால் என்ன என்பதை அந்த வேலையைச் செய்கிற பெண்ணின் கையைக் காட்டியே புரியவைக்கலாம்.

உரையாடலில் உங்களிடம் ஒரு சிக்கல் இருக்கிறது, இது பெரும்பாலோரிடம் இருப்பதுதான். கதை சொல்கிறவர் எழுத்துத் தமிழில் சொல்கிறார், ஆட்கள் பேச்சுத் தமிழில் பேசுகிறார்கள். அது தமிழில் நன்றாகவே நடக்கும். ஆனால் உங்கள் ஆட்கள் பேசுவது சினிமாத் தமிழ். திருப்பூர்ப் பக்கத்து அம்மா 'என்னடா ராசா சாப்பிட்டியா' என்று கேட்பதைவிட 'கண்ணு' என்று கூப்பிடுவதைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். அம்மாவின் அப்பாவை உங்கள் ஊரில் அப்புச்சி என்பார்கள், கதையில் 'தாத்தா' என்று வருகிறது. மாமி என்ற ஒரே சொல் யாழ்ப்பாணத்தில் அப்பாவின் தங்கை, சென்னை மயிலாப்பூரில் பக்கத்து வீட்டு அம்மா. உறவுச் சொல்லைச் சரியாகப் போட்டுவிட்டால் ஊரும் சாதியும் வயதும் தானே வந்துவிடும், தனியாக ஒரு பத்தி எழுத வேண்டியதில்லை.

அதற்காக வட்டார வழக்கை வாரிக் கொட்டவும் கூடாது. ஒவ்வொரு வரியிலும் 'ஏனுங்க', 'வரேனுங்க' என்று போட்டால் கேலி மாதிரி ஆகிவிடும். கேட்டதைக் கேட்டபடியே எழுத்தில் பிடிக்க முடியாது. ஓர் ஆளுக்கு இரண்டு மூன்று அடையாளம் போதும். அப்புறம், ஒரே கதையில் 'வந்துட்டான்', 'வந்திட்டான்', 'வந்துட்டான்ங்க' என்று மூன்று விதமாக ஒரே ஆள் பேசுகிறார். ஒன்றை முடிவு செய்து கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். மெய்ப்புப் பார்க்கிறவர் பாதி நேரம் இதற்கே செலவழிக்கிறார்.

திருத்துவதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, வாய்விட்டுப் படிப்பது. எழுதி முடித்ததும் வேண்டாம். இரண்டு வாரம் கழித்து, காகிதத்தில் அச்செடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு படியுங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, கூச்சமாக இருக்கிற இடத்தில் இரண்டு கோடு. இரண்டு கோடு விழுந்த வாக்கியத்தைத் திருத்த முயலாதீர்கள், எடுத்துவிடுங்கள். என் அனுபவத்தில் புதியவர்களின் கதை பெரும்பாலும் இரண்டாவது பக்கத்தில்தான் தொடங்கும், கடைசிப் பத்திக்கு முந்தைய பத்தியிலேயே முடிந்திருக்கும்.

எழுத்துப்பிழைக்கு 'வாணி' என்றும், சந்திப் பிழைக்கு 'நாவி' என்றும் இணையத்தில் இலவசக் கருவிகள் இருக்கின்றன, இரண்டையும் நீச்சல்காரன் என்பவர் உருவாக்கினார். ஒரு தடவை அவற்றில் ஓட்டிவிட்டு அனுப்பினால் படிக்கிறவர் உங்களை மனத்துக்குள் வாழ்த்துவார். ஆனால் அவை சொல்வதையெல்லாம் ஏற்க வேண்டாம். உரையாடலில் எல்லா ஒற்றையும் போட்டால் பேசுகிற ஆள் பட்டிமன்ற மேடையில் நிற்பதுபோல ஆகிவிடுவார். தட்டச்சில் இன்னொரு கண்ணுக்குத் தெரியாத பிழை உண்டு. 'ஔவை' என்பதற்கு ஒ, ள என இரண்டு எழுத்தைத் தட்டி 'ஒளவை' ஆக்குகிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது.

வாசிப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் நீட்ட மாட்டேன். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இலவச இணைய நூலகத்திலும் நிறைய இருக்கிறது. பிடித்த ஒரு சிறுகதையை எடுத்துக் கையால் ஒரு முறை முழுதாக எழுதிப் பாருங்கள். கண்ணால் படிக்கும்போது தாண்டிப் போகிற இடங்களில் கை நிற்கும்.

பத்திரிகையிலிருந்து ஏன் பதில் வரவில்லை என்றால், பெரும்பாலும் ஆள் பற்றாக்குறைதான் காரணம். வருகிற கதைகள் ஏராளம், படிக்கிறவர் ஒருவரோ இருவரோ. அவர் உங்கள் கோப்பை எளிதாகத் திறந்து படிக்க முடிய வேண்டும், அது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கிறது. யூனிகோடில், வேர்டு கோப்பாக அனுப்புங்கள். பாமினியிலோ வேறு பழைய எழுத்துருவிலோ தட்டச்சு செய்திருந்தால் மாற்றிவிட்டு, மாற்றியதை ஒரு தடவை முழுக்கப் படித்துவிட்டு அனுப்புங்கள். பிடிஎஃப், கைபேசியில் எடுத்த படம், வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக ஒட்டியது எதுவும் வேண்டாம். கதையின் பெயரையும் உங்கள் பெயரையும் கோப்பின் பெயராக வையுங்கள். 'நியூ டாக்குமெண்ட் 3' என்று ஒரு நாளைக்கு ஐந்து கோப்பு வரும். முகவரியும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலில் மட்டும் போதாது, கதையின் அடியிலும் இருக்க வேண்டும். ஏனென்றால் கோப்பு ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குப் போகும்போது மின்னஞ்சல் கூடவே போகாது. 'இது என் சொந்தப் படைப்பு, வேறெங்கும் வெளியாகவில்லை, வேறெங்கும் அனுப்பவும் இல்லை' என்று ஓர் உறுதிமொழி வரியைச் சேருங்கள்.

அந்த உறுதிமொழியில்தான் நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே கதையை நாலு இடத்துக்கு ஒரே நாளில் அனுப்பியிருக்கிறீர்கள், ஃபேஸ்புக்கிலும் போட்டிருக்கிறீர்கள். பல பத்திரிகைகள் ஃபேஸ்புக்கில் வந்ததையும் வெளியானதாகத்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒரு கதை, ஓர் இடம், மூன்று மாதம். பதில் வரவில்லையென்றால் 'கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள். 'ஐயா, என் கதை என்ன ஆயிற்று' என்று வாரா வாரம் போன் அடிக்க வேண்டாம். அனுப்புவதற்கு முன் அந்தப் பத்திரிகையின் நாலு இதழையாவது படித்திருக்க வேண்டும். மாத இலக்கிய இதழுக்கு அனுப்ப வேண்டிய எட்டுப் பக்கக் கதையை, இரண்டு பக்கத்துக்கு மேல் போடாத வார இதழுக்கு அனுப்பிவிட்டு, தமிழ்நாட்டில் இலக்கியம் செத்துவிட்டது என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஏழெட்டுக் கதைகள் இப்படி வெளியாகிவிட்டால், பதிப்பகத்திடம் நீங்கள் பேசுகிற விதமே மாறும். அப்போது பணம் கேட்காத பதிப்பகம் கிடைக்க வாய்ப்பு உண்டு. தமிழில் வழக்கமான ராயல்டி விலையில் 10 சதவீதம் வாக்கில். 200 ரூபாய்ப் புத்தகம் 300 பிரதி விற்றால் 6,000 ரூபாய். அதையும் வருடக் கடைசியில் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். வேலையை விட்டுவிடாதீர்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். வாய்ப்பேச்சாகத்தான் எல்லாம் நடக்கும், 'நமக்குள் எதற்கு' என்பார்கள். 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். ஆனால் 'காப்புரிமைக் காலம் முழுவதும்' என்று ஒரு வரி இருந்து, அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால், அது உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 வருடம். பேரன் வந்து கேட்டாலும் கிடைக்காது. அச்சு உரிமையை மட்டும், மூன்று அல்லது ஐந்து வருடத்துக்குக் கொடுங்கள். மொழிபெயர்ப்பு, ஒலிப்புத்தகம், மின்னூல், சினிமா எல்லாம் என்னிடமே இருக்கும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். காப்புரிமையைப் பதிவு செய்தால்தான் பாதுகாப்பு என்று சிலர் பயமுறுத்துவார்கள். எழுதிய கணமே அது உங்களுடையது, பதிவு கட்டாயம் இல்லை.

எப்போது வெளியிடுவது என்பதிலும் எல்லாரும் ஒரே பள்ளத்தில் போய் விழுகிறோம். சென்னைப் புத்தகக் காட்சி 1977-லிருந்து நடக்கிறது, பொங்கலை ஒட்டி. அதனால் எல்லாப் பதிப்பகங்களும் டிசம்பரிலும் ஜனவரியிலும் புத்தகங்களைக் கொட்டுகின்றன. நவம்பரில் கைக்கு வருகிற கையெழுத்துப் பிரதியை யார் ஒழுங்காக மெய்ப்புப் பார்ப்பார்கள்? நானே ஒரு டிசம்பரில் ஒரு நாவலில் கதாநாயகியின் பெயர் எழுபதாம் பக்கத்திலிருந்து மாறிப்போனதைக் கவனிக்காமல் விட்டேன். அச்சாகி வந்த பிறகு நாவலாசிரியரின் மனைவிதான் கண்டுபிடித்தார். புதியவர் கையெழுத்துப் பிரதியை ஏப்ரல், மே வாக்கில் கொடுத்து, ஜூலையிலோ ஆகஸ்டிலோ வெளியே கொண்டுவரலாம். கொங்குப் பக்கத்துக்காரர் நீங்கள், ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா பக்கத்திலேயே நடக்கிறது. ஜனவரிக்குள் நாலு பேர் படித்துச் சொல்ல நேரமும் இருக்கும்.

இனி விளம்பரம். நீங்கள் ஆவலாகக் கேட்டது இதைத்தான், நான் குறைவாகச் சொல்லப் போவதும் இதைத்தான்.

வெளியீட்டு விழாவுக்கு மண்டபம், ஃப்ளெக்ஸ், பொன்னாடை, தேநீர் என்று 20,000 ரூபாய் செலவழித்தவர்களைத் தெரியும். வந்தவர்கள் மேடையேறி வாழ்த்திவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். பேசியவர்களில் பாதிப்பேர் புத்தகத்தை அன்று மாலைதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். அந்தப் பணத்தில் 15 பிரதியைப் படிக்கக்கூடிய 15 பேருக்கு அனுப்புங்கள். பிரபலங்களுக்கு அனுப்பாதீர்கள், அவர்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு சுவர் அப்படி நிரம்பியிருக்கிறது. ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்துகிறவர், கல்லூரியில் தமிழ் சொல்லித்தருகிற நல்ல ஆசிரியர், மாதா மாதம் பத்துப் புத்தகம் பற்றி எழுதுகிறவர், இப்படி. கூட ஒரு கடிதம் வையுங்கள், நாலு வரி, 'எங்கே அலுப்புத் தட்டியது என்று சொன்னால் போதும்' என்று. பாராட்டுக் கேட்டால் பாராட்டுதான் வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

கூட்டங்களுக்குப் போங்கள். தமுஎகச என்கிற தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம், கலை இலக்கியப் பெருமன்றம் போன்ற இடதுசாரி அமைப்புகளுக்கு ஊர் ஊருக்குக் கிளைகள் இருக்கின்றன, கதை வாசித்துப் பேசுகிற கூட்டங்களும் நடக்கும். அவர்கள் கொள்கை உங்களுக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, உங்கள் கதையை நீங்கள் வாசிக்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் எந்த வரியில் கைபேசியை எடுக்கிறார் என்று பார்ப்பது ஒரு படிப்பு. போனவுடன் உங்கள் கதையை நீட்டாதீர்கள். நாலு மாதம் மற்றவர்கள் கதையைக் கேளுங்கள், அவர்கள் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிப் படியுங்கள், படித்ததைப் பற்றி எழுதுங்கள். ஃபேஸ்புக்கிலும் இதேதான். 'என் புத்தகம் வாங்கிவிட்டீர்களா?' என்று தினமும் எழுதுகிறவரை ஊர் ஊமையாகக் கடந்து போகும். மற்றவர் புத்தகத்தைப் பற்றி மாதத்துக்கு ஒன்று உருப்படியாக எழுதுகிறவருடைய புத்தகம் வந்தால் கேட்டு வாங்குவார்கள்.

கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சி.சு. செல்லப்பா 1959-ல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி நடத்தியவர். தான் போட்ட புத்தகங்களை மூட்டையாகக் கட்டிச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக நடந்து விற்றார். அவருக்கே இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு என்று சொல்ல வரவில்லை, அவருக்கும் இருந்திருக்கும். பையில் எப்போதும் இரண்டு பிரதி வைத்திருங்கள், யாராவது கேட்டால் விலை சொல்லுங்கள். இலவசமாகக் கொடுத்தால் உறவினர்கள் டிவி ஸ்டாண்டில் வைப்பார்கள்.

மின்னூல் பற்றி ஒரு வார்த்தை. அமேசானின் கிண்டிலில் தமிழில் நாமே வெளியிடலாம், முன்பணம் கட்ட வேண்டியதில்லை. இந்தியாவில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அவர்களுடைய 'செலக்ட்' என்ற திட்டத்தில் சேர வேண்டும், இல்லாவிட்டால் 35. செலக்டில் சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூல் வேறெந்தத் தளத்திலும் இருக்கக் கூடாது. பிரதிலிபி மாதிரித் தளங்களில் தொடர்கதை படிக்கிற கூட்டம் பெரியது. அங்கே குடும்பக் கதைக்கும் காதல் கதைக்கும் மவுசு அதிகம். உங்கள் கதைகளுக்கு அங்கே ஆள் வருமா என்பது சந்தேகம், ஆனால் ஒன்றைப் போட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. பத்திரிகைக்கு அனுப்பப் போகிற கதையை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

கடைசியாகப் புனைபெயர் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கம்பெனியைப் பற்றி எழுதப் போகிறீர்கள் என்றால் வைத்துக்கொள்வது நல்லது, முதலாளிமார்களும் படிக்கிறார்கள். ஊர்ப் பெயரைச் சேர்க்காதீர்கள், திருப்பூர் என்று தொடங்கும் பெயர்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

டிவிஎஸ் 50 கதையின் அடுத்த வரைவை முடித்தால் அனுப்புங்கள். பெட்ரோல் டேங்க் மூடியை வைத்துக்கொள்வதும் தூக்குவதும் உங்கள் விருப்பம். இந்த ஒரு மாதமாக அந்த வண்டியின் சாவியை அம்மா எங்கே வைத்திருந்தாள் என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.